சேவியர் சார் இரண்டு முறை வரைந்த டிவிஷன்

நியூ ஜெர்சி பார்சிப்பனியில் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பனி உருகி, கார் நிறுத்துமிடம் முழுக்கச் சேறாகக் கிடந்த ஒரு காலையில் அந்த போன் வந்தது. ஹூஸ்டனிலிருந்து ஜோஸ்பின் அக்கா. “விஜயா, அவிய போயிட்டாவ,” என்றார். ‘அவிய’ என்று அக்கா சொல்வது உலகத்தில் தன் வீட்டுக்காரர் ஒருவரைத்தான் என்று தெரிந்தும், “எங்க போயிட்டார்?” என்று கேட்டு வைத்தேன். என் மேல் தப்பில்லை. சேவியர் சார் எந்த நேரமும் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தவர். அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது.

கோயில் ஹாலில் குழாய் ஒழுகுகிறது என்று யாரோ சொன்னார்களாம். அதற்கு ஒரு துண்டு பைப் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போயிருக்கிறார். கடை வாசலில், பைப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாரோ ஒருவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. படுத்த படுக்கை, ஆஸ்பத்திரி, ஒன்றும் கிடையாது. உட்காரக்கூட இல்லை. இந்த நினைவு மலருக்காக என்னை எழுதச் சொன்னவர்கள், அவருடைய தமிழ்ச் சங்கப் பணிகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பொங்கல் விழாவில் நாற்காலி போட்டதையும் மைக் கட்டியதையும் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நான் எழுத நினைப்பது வேறு. ஹூஸ்டனில் இருப்பவர்களில் பலருக்கு அது அரைகுறையாகத் தெரியும். “சேவியருக்கு வேலை போனப்போ ஏதோ ஆப்பிரிக்கப் பட்டாளத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரே,” என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பிளானிங் பிரிவில் எனக்கு சீனியர். கடலில் ஒரு எண்ணெய் மேடை கட்ட வேண்டுமென்றால், எந்த வேலை எப்போது தொடங்கும், யார் யாருக்குக் கீழே, எது முடிந்தால் எது நடக்கும் என்பதையெல்லாம் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைவது அவர் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நின்றுகொண்டேதான் வரைவார். அவர் நாற்காலியில் எப்போதும் காகிதச் சுருள்தான் உட்கார்ந்திருக்கும். “நாற்காலி மனுசன முடக்கிரும், விஜயா,” என்பார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றே: “யாருக்கு யார் பதில் சொல்லணும்? அத மொதல்ல வரை.” பொங்கல் விழாவுக்குக் கூட சார்ட் வரைந்தவர். சாம்பாருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் இருந்தது. எனக்கும் அவருக்கும் அன்றைக்கு நல்ல சண்டை.

எண்பத்தாறில் எண்ணெய் விலை சரிந்ததும் ஹூஸ்டன் என்ன ஆனதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடன் கட்ட முடியாமல் வீட்டுச் சாவியை பாங்கில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர். எங்கள் பிரிவைக் குறைத்தபோது புதிய அமைப்பை வரையச் சொல்லி மேலிருந்து ஒரு குறிப்பு வந்தது. வரைந்தவர் சேவியர் சார். குறிப்பில் அவருடைய கட்டம் இல்லை. அழகாக, ஸ்கேல் பிசகாமல் வரைந்து, பென்சிலைத் துடைத்து வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். “ஒன் பேரு இருக்கு. என் பேரு இல்ல. ப்ரிண்ட் போட்டுரு,” என்றார். அதற்குப் பிறகு அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. ஒரு நாள் ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடைக்காரருக்கு அலமாரி அடித்துக்கொண்டிருப்பார். மறுநாள் யார் வீட்டுக் கூரையிலோ ஏறியிருப்பார். ராத்திரிச் சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் பிடித்து நடந்துகொண்டே சாப்பிடுகிறார் என்று ஜோஸ்பின் அக்கா புலம்புவார். அந்த நிலையில்தான் பாப்பா கிளெமென்ட் அவர் கையில் கிடைத்தார்.

சேவியர் சார் போன கோயிலில் தமிழ்க் கத்தோலிக்கர்களைப் போலவே நைஜீரியாக்காரர்களும் நிறையப் பேர். அவர்களில் எமேகா என்றொரு பார்மசிஸ்ட். அவனுடைய அப்பாதான் கிளெமென்ட். பேரப் பிள்ளைகளைப் பார்க்க வந்து தங்கியிருந்தார். அவர்கள் வழக்கப்படி எல்லோரும் அவரை, அப்பா என்ற பொருளில், ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஆறடி உயரம், தொப்பி, வெள்ளித் தலை போட்ட கைத்தடி, ஊரில் சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டிய கிழவரைப் பாப்பா என்று கூப்பிட நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது. பெருமை பேசுவார். பாதி பேச்சு அளப்பு. பூசை முடிந்து ஒரு நாள் நம் ஆட்கள் நின்ற கூட்டத்துக்குள் வந்து, “மெட்ராஸ் எனக்குத் தெரியும். போரில் பர்மாவிலிருந்து திரும்பியதும் எங்களை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணி, வெயில், சீக்கிரம்,” என்று அறிவித்தார். கடைசி மூன்று சொற்களும் சுத்தத் தமிழ். எல்லோரும் கை தட்டிவிட்டு காபிக்குப் போய்விட்டார்கள். சேவியர் சார் போகவில்லை. “எந்த டிவிஷன்?” என்று கேட்டார். “எண்பத்தொன்று. மேற்கு ஆப்பிரிக்கா,” என்றார் பாப்பா.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். நவம்பரில் படைவீரர் தினத்தை ஒட்டிய ஞாயிறன்று, ராணுவத்தில் இருந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். வால்டர் என்ற ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவர் மைக்கில் பெயரும் படைப்பிரிவும் வாசிப்பார். அந்தந்தப் படைக்குரிய பாட்டை பியானோவில் வாசிப்பார்கள். முந்தைய வருடம் பாப்பாவும் எழுந்து நின்றிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாததால் வால்டர் மைக்கை எடுத்துக்கொண்டு அருகில் வந்து, போரில் என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறார். “சுமை தூக்கினேன்,” என்று பாப்பா சொல்ல, பக்கத்து வரிசையில் ஒருவர், “ஓ, போர்ட்டர்,” என்றாராம். கெட்ட எண்ணமில்லை. ஆனால் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. வால்டர் தோளைத் தட்டி, உதவி செய்தவர்களையும் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்றார். பாப்பா உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் எமேகா, “என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அப்பா. இனிமேல் எழுந்திருக்காதீர்கள்,” என்றான். பட்டாளத்திலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் காகிதமும் அவரிடம் இல்லை. அவர்கள் நாட்டு உள்நாட்டுப் போரில் வீட்டோடு எரிந்துவிட்டது.

சேவியர் சார் அவரைச் சந்தித்த வருட டிசம்பரில் பாப்பா ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. திரும்பி வரப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். அதற்குமுன் ஒரே ஒரு முறை அந்தக் கோயிலில், பேரப் பிள்ளைகள் பார்க்க, யாரும் உட்கார வைக்க முடியாதபடி எழுந்து நிற்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். சேவியர் சார் நேராக வால்டர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். வால்டர் நியாயமான மனிதர். “ஆளாளுக்கு வந்து என் மாமா பட்டாளத்தில் இருந்தார் என்கிறார்கள். அவர் எந்தப் பிரிவு, ராணுவத்தில் அந்தப் பிரிவு எங்கே இருந்தது, அதைக் காட்டுங்கள். நானே வாசிக்கிறேன்,” என்றார். எங்கே இருந்தது என்று காட்டு என்று சேவியர் சாரிடம் ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் நின்றார்.

“உள்ள வாங்க சார், காபி போடறேன்.”

“காபி கெடக்கட்டும். யூனிவர்சிட்டி லைப்ரரில ஒனக்கு கார்டு இருக்குல்லா? கெளம்பு.”

“இப்பவா? நாளைக்கு டிரைவ் பண்ணிட்டுப் போலாமே. ஃப்ரீவே ஃபுல்லா ட்ராஃபிக்.”

“நாளைக்கு லைப்ரரி இருக்கும். நான் இருக்கணும்லா,” என்றார். இன்றைக்கு அதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. அன்றைக்கும் எரிச்சலாகத்தான் வந்தது.

லைப்ரரியில் பழைய போர் வரலாறுகளைப் பரப்பிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தார். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் நைஜீரியா, இன்றைக்கு கானா என்கிற கோல்டு கோஸ்ட், சியரா லியோன், காம்பியா ஆகிய நான்கு காலனிகளிலிருந்து ஆள் சேர்த்து உண்டாக்கிய டிவிஷன் அது. டிவிஷனுக்குக் கீழே பிரிகேடுகள், பிரிகேடுக்குக் கீழே பட்டாலியன்கள், கூடவே பீரங்கி, மருத்துவம், பாலம் கட்டுபவர்கள். கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒரு பிரிகேடைப் பிரித்து, எதிரியின் முதுகுக்குப் பின்னால் போரிட அனுப்பிவிட்டார்கள். மிச்ச டிவிஷன் பர்மாவின் அரக்கான் பக்கம் கலாடன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. அங்கே ரோடு கிடையாது. அவர்களே காட்டை வெட்டி ஜீப் போக ஒரு தடம் போட்டார்கள். அதற்கப்பால் ஜீப்பும் கிடையாது. விமானம் வானத்திலிருந்து மூட்டைகளைப் போடும். அரிசி, குண்டு, பீரங்கியின் பாகங்கள், காயம்பட்டவன் என்று எல்லாமே மனிதத் தலையிலும் தோளிலும்தான் போயின. அதற்கென்றே ஆட்களைப் பட்டாளத்தில் சேர்த்து, யூனிஃபார்ம் கொடுத்து, ‘துணைக் குழுக்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் கையில் துப்பாக்கி இல்லை. “விஜயா, இங்க பாரு, இது முழுக்கத் தலையில நடந்த டிவிஷன்,” என்று லைப்ரரியே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். வேலை போன பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் அந்தப் பழைய பரபரப்பைப் பார்த்தேன்.

சார்ட் தயாரானது. எண்ணெய் மேடைக்கு வரைகிற அதே நீளக் காகிதத்தில், அதே சாய்ந்த எழுத்தில். ஒரு ஞாயிறு மதியம் பூசை முடிந்து, தமிழர் சாப்பாடு நடக்கிற ஹாலில் அதைச் சுவரில் ஒட்டினார். எமேகா குடும்பத்தோடு வந்திருந்தான். நான் கூட அன்றைக்கு லெமன் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நின்றார். மேலே ஜெனரல். கீழே பிரிகேடுகள். இங்கே கோல்டு கோஸ்ட் பட்டாலியன், அங்கே காம்பியா பட்டாலியன் என்று கைத்தடியால் தொட்டுத் தொட்டுத் தலையாட்டினார். பேரப் பிள்ளைகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. “நான் எங்கே இருக்கிறேன், எஞ்சினியர்?” என்று கேட்டார். சேவியர் சார் குனிந்து, காகிதத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். ‘போக்குவரத்து’ என்று தலைப்பு. அதற்குள் மூன்று வரி. விமானம். ஜீப். சுமைக்காரர்.

எங்கள் தொழிலின் வழக்கம் அது. பிளானிங் சார்ட்டில் வெல்டர், கிரேன், படகு எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ரிசோர்ஸ் என்று. எத்தனை வெல்டர், எத்தனை கிரேன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம். மற்ற டிவிஷன்களில் லாரிகள் இருக்கிற இடத்தில் இந்த டிவிஷனில் துணைக் குழுக்கள் இருந்ததாகப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதே வேலை, அதே கட்டம் என்று அவர் கை தானாக வரைந்துவிட்டது. சுவரில் அதைப் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பிளானிங் ஆபீஸில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்காது.

பாப்பா கோபப்படவில்லை. கட்டத்தை மறுபடியும் படித்தார். பிறகு சேவியர் சாரைப் பார்த்து, “எஞ்சினியர், ஜீப் யாரையும் புதைக்கவில்லை,” என்றார். “எங்கள் ஆட்கள் வழியில் செத்தால் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் குழி தோண்டினோம். மறுபடியும் சுமையை ஏற்றிக்கொண்டு நடந்தோம். ஜீப் அதைச் செய்யவில்லை. விமானம் செய்யவில்லை.” தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எமேகா ஒரு நிமிடம் நின்றான். “நான் அவரை உட்காரச் சொன்னேன். நீங்கள் அவர் இடம் இதுதான் என்று எழுதியே காட்டிவிட்டீர்கள்,” என்று சொல்லிவிட்டு அவனும் போனான். என் லெமன் சாதத்தை யாரும் தொடவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் கொடுமை. சேவியர் சார் எமேகா வீட்டுக்குப் போவார். பாப்பா அறையைவிட்டு வரமாட்டார். திரும்பி வந்து என் வீட்டு ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அடுப்பில் எதை வைத்தாலும் தீய்ந்தது. படைவீரர் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. “சார், வால்டருக்கு வேண்டியது ஒரு வரி. துணைக் குழு, எண்பத்தொன்றாவது டிவிஷன். அதுதான் புஸ்தகத்துலயே இருக்கே. கொடுத்துட்டு விடுங்களேன்,” என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

“வால்டருக்கு அது போதும். அந்த மனுசனுக்குப் போதுமா?” என்றார். “என் பேரு இல்லாத சார்ட்ட நானே வரஞ்சேன்லா. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இன்னொருத்தன ஜீப்போட சேத்து எழுதிருக்கேன் பாரு.”

கம்பெனியைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை ஹில்கிராஃப்டில் பெரிய அரிசி மூட்டை ஒன்று வாங்கினார். காரை நான் ஓட்டினேன். எமேகா வீட்டு வாசலில் இறங்கி, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு டிரைவ்வேயில் நடக்க ஆரம்பித்தார். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. ஐம்பது தாண்டிய மனிதர், கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார். எதிர் வீட்டு அம்மாள் புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. போலீஸைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. ஒரு சுற்று போய்வந்து மறுபடியும் திரும்பும்போது கதவு திறந்தது.

“கீழே பார்க்காதே. தூரத்தைப் பார்,” என்றார் பாப்பா. “கையை விடு. சமதரையில் எதற்குக் கை?”

சேவியர் சார் கையை விட்டார். மூட்டை விழுந்தது. பாப்பா வெளியே வந்து, அதை வைக்கிற விதத்தைக் காட்டி, துணியைச் சும்மாடாகச் சுருட்டிக் கொடுத்து, மறுபடியும் ஏற்றினார். கைத்தடியை நீட்டி நீட்டி நடத்தினார். பட்டாளத்தில் அவரை எவனோ அப்படித்தான் நடத்தியிருக்க வேண்டும், ரசித்துச் செய்தார். சார் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“நீங்கள் நின்றால் என்ன ஆகும்?”

“நாங்கள் நின்றால் பீரங்கி நிற்கும். சோறு நிற்கும். காயம்பட்டவன் செத்துப்போவான். ஜெனரலும் நிற்பார்.”

சேவியர் சார் அங்கேயே நின்றார், தலையில் மூட்டையோடு. என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது. எந்த வேலை ஒரு நாள் தாமதமானால் முழுத் திட்டமும் ஒரு நாள் தாமதமாகுமோ, அதைச் சிவப்புக் கோட்டில் வரைவது எங்கள் தொழில். கிரிட்டிக்கல் பாத் என்போம். “விஜயா, செவப்பு பென்சில் வச்சிருக்கியா?” என்றார். நான் காரிலிருந்து எடுத்து வந்தேன்.

இரண்டாவது சார்ட்டை எமேகா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைந்தார்கள். சார் வரைய, பாப்பா தப்பு சொல்ல. சில இடங்களில் பாப்பா சொன்னதுதான் தப்பு என்று சார் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட்டார். அதில் ஜெனரல் மேலே இல்லை, ஒரு ஓரத்தில் இருந்தார். விமானம் மூட்டை போடும் இடத்திலிருந்து கடைசிப் பட்டாலியன் வரைக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல் துணைக் குழுக்கள். பீரங்கியும் மருந்தும் சோறும் அந்தக் கோடு வழியாகத்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் போயின. பாப்பா அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். “இது கனமாக இருக்கிறது,” என்றார். பிறகு, “சரி.”

அந்த டிவிஷனின் சின்னம் ஒரு சிலந்தி. வீரர்கள் சட்டைக் கையில் அதைத் தைத்திருந்தார்கள். ஞாயிறன்று பாப்பா போட்டுக்கொள்ளும் கோட்டில் அதைத் தைக்கும் வேலை சேவியர் சாரின் மகளுக்கு. சிலந்தியின் தலை கீழே பார்க்கும்படி வைக்கச் சொன்னதும், “டாட், இட்ஸ் அப்சைட் டவுன்,” என்றாள் அந்தப் பெண். பாப்பாவுக்குச் சிரிப்பு. துப்பாக்கியை நீட்டிக் குறி பார்க்கும்போது கை முன்னால் நீளும், அப்போது சிலந்தி எதிரியை நோக்கிப் போகும், அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள் என்றார். “உங்களிடம் துப்பாக்கி இல்லையே,” என்றார் சேவியர் சார். பாப்பா வலது கையைத் தூக்கிக் காட்டினார். “மலை ஏறும்போது சுமையை ஒரு கையால் பிடிக்க வேண்டும். அப்போது இது ஏறும்,” என்றார்.

அந்த ஞாயிறு என்னையும் கோயிலுக்கு வரச் சொல்லி உத்தரவு. போனேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று வால்டர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் பியானோ முழங்க, ஆங்காங்கே வயதானவர்கள் எழுந்தார்கள். கடைசியில் கிளெமென்ட், துணைக் குழு, எண்பத்தொன்றாவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன், பர்மா என்று வாசித்தார். பாப்பா எழுந்தார். அந்த டிவிஷனுக்கு என்ன பாட்டு என்று பியானோ வாசித்த அம்மாளுக்கு எப்படித் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயில் முழுக்க அமைதி. எங்கே மறுபடியும் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தேன். பாப்பா வலது கையை மெல்ல உயர்த்தி, தலைக்கு மேலே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டார். சிலந்தி மேல்நோக்கித் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. எமேகா எழுந்து அப்பாவின் பக்கத்தில் நின்றான். நான் திரும்பி சேவியர் சாரைத் தேடினேன். பூசைக்கெல்லாம் கடைசியில் கதவோரம் நின்றே பழகியவர். அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தைக் கையால் மூடியிருந்தார்.

பாப்பா டிசம்பரில் ஊருக்குப் போனார். எனக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து நானும் கிளம்பினேன். சேவியர் சாருக்குக் கடைசிவரை பழையபடி ஒரு வேலை அமையவில்லை. அமையாத கோபம் எனக்கு இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மற்றதெல்லாம் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவைதான்.

அடக்கத்தன்று உங்களில் பலர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தீர்கள். பெட்டியைக் குழி வரைக்கும் தள்ளிக்கொண்டுபோகச் சக்கரம் வைத்த வண்டியை ஆட்கள் இறக்கினார்கள். மண்ணைத் தள்ளி மூட மஞ்சள் இயந்திரம் ஒன்று ஓக் மரத்தடியில் தயாராக நின்றது. எமேகா முன்னால் வந்து கையைக் குறுக்கே நீட்டினான். “என் அப்பா போன் செய்தார். எஞ்சினியரைச் சக்கரத்தில் வைக்காதே என்றார்,” என்றான். தோட்டத்துக்காரர் தூரம் அதிகம், பெட்டி கனம் என்று என்னவோ சொன்னார். எமேகா அவரிடம் பேசவே இல்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். நான் மறுபக்கம் பிடித்தேன். “லேடீஸ் வேண்டாமே, விஜயா,” என்று நம்மவர் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். தமிழர்களும் நைஜீரியர்களும் வால்டருமாகத் தூக்கினோம். பாதி வழியில் என் கை நழுவப் பார்த்தது. “கீழே பார்க்காதீர்கள். தூரத்தைப் பாருங்கள்,” என்றான் எமேகா. குழியை மண்வெட்டியாலும் கையாலும் நாம்தான் மூடினோம். ஜோஸ்பின் அக்கா கடைசிப் பிடி மண் போடும் வரைக்கும் அந்த இயந்திரம் மரத்தடியை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டு சார்ட்டுகளையும் கொண்டுவந்து, “ஒனக்கு எது வேணும்?” என்றார். பிள்ளைகளிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் எமேகா நைஜீரியாவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தான். லைன் கிடைப்பதும் அறுவதுமாக இருந்தது. கடைசியில் கிடைத்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

“யார் தூக்கியது?” என்றார் பாப்பா. ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன்.

“கனமாக இருந்தாரா?”

“ரொம்பக் கனம், பாப்பா.”

“சரி,” என்றார்.

பெட்டியின் கைப்பிடி என் உள்ளங்கையில் பதித்த சிவப்புக் கோடு, விமானம் நெவார்க்கில் இறங்குவதற்குள் மறைந்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவந்தது அந்தக் கனம் ஒன்றைத்தான். இன்னும் இறக்கி வைக்கவில்லை, சார்.